ஊர்ப்பெயர் வழக்கான ஆண்டு: 1996

ஓராண்டின் வரலாற்றை எழுதுவது எளிய வேலை போலத் தோன்றும். அவ்வாண்டின் நாளிதழ்களை எடுத்து, முதற்பக்கச் செய்திகளைத் திங்கள்வாரியாக அடுக்கிவிட்டால் வரலாறு ஆகிவிடும் என்று எண்ணுவோர் உளர். ஆனால் கால் நூற்றாண்டு கழித்து அதே இதழ்களைப் புரட்டும்போது, அன்று பெருந்தலைப்பில் வந்த பல செய்திகள் நிறம் மங்கிக் கிடப்பதையும், எவரும் மிகுதியாகப் பேசாத ஒரு செய்தி இன்னும் நம் கிணற்றடியில் நிற்பதையும் காண்கிறோம். 1996ஆம் ஆண்டு அத்தகையது. இந்தியா அவ்வாண்டைத் தேர்தலுக்காக நினைவில் வைத்திருக்கிறது. பாலாற்றங்கரையில் வாழும் நாம் அதை வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்க வேண்டியவர்கள்.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் சட்டமும் அரசியலும் கலந்த கட்டுரைக்கு இடம் ஏன் என்று அன்பர்கள் வினவலாம். சொல்லுக்குப் பொருள் காண்பது நம் பணி என்றால், 1996 நமக்குரிய ஆண்டுதான். அவ்வாண்டில் இந்நாட்டின் உயர்ந்த மன்றம் ஆறு, காடு, கடற்கரை ஆகியவற்றின்மேல் மக்களுக்கு உள்ள உரிமையைச் சொல் சொல்லாக எடுத்து ஆராய்ந்தது. அத்தீர்ப்புகளுள் தலையாய ஒன்று நம் ஊரின் பெயரால் வழங்கி வருகிறது.

ஆட்சிகள் மாறிய ஆண்டு

ஆண்டின் தொடக்கமே கலக்கமாக இருந்தது. ஜனவரி 18 அன்று ஆந்திரத்தின் என்.டி. ராமராவ் மறைந்தார். அதே திங்களில் ஹவாலா வழக்கு, ஆளுங்கட்சி எதிர்க்கட்சி என்ற வேறுபாடின்றித் தலைவர்கள் பலர்மீது பாய்ந்தது. மார்ச் 17 அன்று லாகூரில் இலங்கை அணி உலகக் கோப்பையை வென்றபோது, இந்திய இளைஞர்கள் தம் அணியின் தோல்வியை மறந்து அண்டை நாட்டின் வெற்றியைப் பேசினர்.

ஏப்ரல், மே திங்களில் நடந்த மக்களவைத் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. நரசிம்மராவ் பதவி விலகினார். மே 16 அன்று பிரதமரான வாஜ்பாய் பதின்மூன்று நாட்களில் விலகினார். ஜூன் 1 அன்று தேவகவுடா பொறுப்பேற்றார். ஒரு திங்கள் நிறைவதற்குள் நாடு மூன்று பிரதமர்களைக் கண்டது. மாநிலக் கட்சிகளின் தோளில் மைய அரசு அமரும் காலம் அன்று உறுதிப்பட்டது எனலாம்.

தமிழ்நாட்டில் தேர்தலின் முடிவு புயல் போல் வந்தது. மூப்பனார் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரசும் திராவிட முன்னேற்றக் கழகமும் கைகோத்து நின்றன. சட்டமன்றத்தின் 234 இடங்களில் 221 இடங்கள் அக்கூட்டணிக்குக் கிடைத்தன, தி.மு.க. தனியே 173 இடங்களைப் பெற்றது. ஆட்சியிலிருந்த அ.இ.அ.தி.மு.க. நான்கு இடங்களோடு நின்றது. நம் திருப்பத்தூருக்கு அண்மையிலுள்ள பர்கூரில் அன்றைய முதலமைச்சரே தோற்றார். மாநிலத்தின் 39 மக்களவைத் தொகுதிகளும் ஒரே பக்கம் சாய்ந்தன. மே 13 அன்று மு. கருணாநிதி முதலமைச்சர் ஆனார்.

அத்தேர்தலில் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். தம் கோரிக்கைகளை எவரும் செவிமடுக்கவில்லை என்று வெகுண்ட உழவர்கள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு அளித்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டு நூலாகத் தைக்கப்பட்டது. பலரும் அதை வேடிக்கையாகப் பேசினர். பேசுவதற்கு மேடை இல்லாதவன் கையில் கிடைத்ததை மேடையாக்கிக்கொள்வான் என்பதற்கு அது சான்று. வேலூர் மக்கள் கையில் கிடைத்த மேடை வேறு. அதைப் பின்னர்க் காண்போம்.

பெயர்கள் மாறிய ஆண்டாகவும் அது இருந்தது. மெட்ராஸ் என ஆங்கிலத்தில் வழங்கிய தலைநகர் எம்மொழியிலும் சென்னையே என்று அரசு அறிவித்தது. செப்டம்பர் 12 அன்று மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா முதன்முறையாக மக்களவைக்கு வந்தது. அக்டோபரில், 1986க்குப் பின் பத்தாண்டு இடைவெளியில், தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடங்களில் பெண்கள் அமர்ந்தனர். நவம்பர்த் தொடக்கத்தில் கோதாவரிக் கழிமுகத்தைப் புயல் சூறையாடியது. நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். அவ்வாண்டின் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது அசோகமித்திரனின் 'அப்பாவின் சிநேகிதர்' என்னும் நூலுக்குக் கிடைத்தது. 'தண்ணீர்' என்னும் பெயரிலேயே ஒரு நாவல் எழுதியவர் அவர் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. ஏனெனில் அவ்வாண்டு நம் நிலத்தின் கதையும் தண்ணீரின் கதையே.

ஆவாரம்பட்டையிலிருந்து குரோமியம் வரை

வேலூர் என்ற பெயர் இந்திய வரலாற்றில் முதலில் ஆழப் பதிந்தது 1806 ஜூலை 10 அன்று. கோட்டையிலிருந்த சிப்பாய்கள் வெள்ளையரை எதிர்த்து எழுந்ததற்குரிய காரணங்களுள் ஒன்று, புதிய தலைப்பாகையில் தோலாலான சின்னம் ஒன்றை அணியச் சொன்னது. தோல் அன்றே இவ்வூரின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றையொட்டி நீளும் இத்தோல் வட்டாரம் தற்செயலாக உருவானதன்று. ஆற்று மணலடியில் நல்ல நீர் இருந்தது. சுற்றிலும் மேய்ச்சல் நிலமும் கால்நடையும் இருந்தன. வறண்ட மேடுகளில் ஆவாரை தானாகவே வளர்ந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் வாரக்கணக்கில் கிடந்து பதமான தோல், கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரில் இலண்டன் சந்தைவரை சென்றது. கவிஞர்களுக்கு ஆவாரை ஒரு மஞ்சள் பூ. இவ்வட்டாரத்தின் பழைய தொழிலாளிக்கு அது ஒரு பட்டை, ஒரு துவர்ப்பு, ஒரு கூலி.

இத்தொழில் ஈட்டிய செல்வத்தின் நற்பயனையும் சொல்லியாக வேண்டும். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியின் பின்னே தோல் வணிகர்களின் கொடை நிற்கிறது. கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ் கற்பித்தது அக்கல்லூரியில்தான். மேல்விஷாரத்துத் தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் அவ்வூரில் கல்லூரி உண்டு. சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கருக்காகச் சத்திரம் கட்டியவரும் அவரே. தொழிலைப் பழிப்பது எளிது. அத்தொழிலால் படித்தவர்கள் நம்மிடையே பலர் உளர் என்பதை மறந்துவிட்டுப் பழித்தல் தகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் குரோமியம் கொண்டு தோல் பதனிடும் முறையை ஆராய்ந்தார். 1912இல் எழுந்த குரோம் தோல் நிறுவனம் குரோம்பேட்டைக்குப் பெயரையே தந்தது. 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. எனினும் நம் பகுதியில் பெருமாற்றம் நிகழ்ந்தது 1970களில்தான். அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதால் நாட்டுக்கு வரவேண்டிய பொருள் வெளியே போகிறது என்று சீதாராமையா குழு 1972இல் கருத்துரைத்தது. அதையொட்டி 1973 முதல் மைய அரசு அவ்வகை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுதும் பதனிட்ட தோலும் காலணியும் செய்ய ஊக்கம் தந்தது. பொருளாதார நோக்கில் அது அறிவுடைய கொள்கை. வேலைவாய்ப்பு பெருகியது, ஆம்பூர் காலணி நகரம் ஆயிற்று. ஆனால் வாரக்கணக்கில் பட்டைச்சாற்றில் ஊறிய தோல், இப்போது சுழலும் டிரம்களில் ஓரிரு நாளில் குரோமிய உப்பால் பதமாயிற்று. அதன் கழிவு எங்கே போகும் என்ற வினாவை அக்கொள்கை எழுதியவர்களும் எழுப்பவில்லை, அதனால் பயன்பெற்றவர்களும் எழுப்பவில்லை.

கழிவு சென்ற இடம் எளியது: சாலையோரம், வாய்க்கால், ஏரி, முடிவில் பாலாறு.

கிணறுகளின் சாட்சியம்

ஆறு கெடுவதை மனிதர் உணர்வது கிணற்றில்தான். பாலாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. அதன் நீர் மணலுக்கடியில் ஓடுவது. கழிவு மேலே தேங்கினால் கீழே இறங்கும். இறங்கினால் ஊர்க்கிணற்றில் ஏறும். நீர் உவர்த்தது, நெல்லும் தென்னையும் வாடின. நிலம் இருந்தும் உழவன் கூலிக்குப் போனான். கூலிக்குப் போன இடம் பல வேளைகளில் அதே டேனரி. இக்கதையின் கொடிய முடிச்சு இதுவே. நஞ்சு உண்டவனும் நஞ்சு கலக்கும் தொழிலில் கூலி பெற்றவனும் ஒரே வீட்டில் உண்டு உறங்கினர். சுண்ணாம்புக் குழியில் இறங்கிக் கை கால் வெந்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்களும் ஏழை இசுலாமியரும் ஆவர்.

1991இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அரசியலமைப்பின் 32ஆம் பிரிவின் வழியே, நேராக நாட்டின் உயர்ந்த மன்றத்தின் வாயிலைத் தட்டியது. மொடக்குறிச்சி உழவர்களுக்கு வேட்புமனு கிடைத்தது போல், வேலூர் மக்களுக்குக் கிடைத்த மேடை ஒரு மனு. அவர்கள் சார்பில் வாதாடியவர் கங்கை வழக்காலும் தாஜ்மகால் வழக்காலும் அறியப்பெற்ற எம்.சி. மேத்தா.

மன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரங்கள் சில இன்றும் படிப்போரைத் திடுக்கிடச் செய்யும். தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்கின. அன்றைய வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் மட்டும் 584. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாயிற்று. குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை இரசாயனங்கள் பயன்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் மேற்கொண்ட முதற்கட்ட ஆய்வின்படி, 35,000 ஹெக்டேர் நிலம் பயிருக்கு முழுதுமோ ஒரு பகுதியோ தகுதி இழந்திருந்தது. நேரில் சென்று பார்த்த வழக்குரைஞர் இருவர், திருப்பத்தூர், வேலூர், இராணிப்பேட்டைக் கோட்டங்களில் 59 ஊர்களின் நீர் கெட்டிருப்பதைக் கண்டனர். இதே தொழில் நடந்த திண்டுக்கல் பகுதியில், 13 சிற்றூர்களின் 467 கிணறுகளில் 350 கிணறுகள் பாழ்பட்டிருந்தன.

அரசு சும்மா இருந்ததென்று சொல்ல இயலாது. ஆறு, ஏரிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெருமாசு தரும் தொழிற்சாலைகள் கூடா என்று 1989 மார்ச்சிலேயே தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்திருந்தது. ஆணை இருந்தது, அதை நடத்துவார் இல்லை. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க மானியமும் கால நீட்டிப்பும் மீண்டும் மீண்டும் தரப்பட்டன. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழ்நாட்டின் பங்கு என்பதே எல்லாத் தயக்கத்துக்கும் காரணம்.

ஆகஸ்டு 28

புதிய பிரதமரின் அரசு மூன்று திங்கள் கூட நிறையாத நிலையில், 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தீன், கே. வெங்கடசாமி ஆகிய மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் குல்தீப் சிங்.

அன்னியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் தொழிலின் முதன்மையை அத்தீர்ப்பு மறுக்கவில்லை. அதே வேளையில், சுற்றுச்சூழலை அழித்து நலத்துக்கு ஊறு விளைவிக்கும் உரிமை எத்தொழிலுக்கும் இல்லை என்று கூறியது. வளர்ச்சியும் சூழலும் ஒன்றுக்கொன்று பகை என்னும் பழைய எண்ணத்தை ஒதுக்கி, 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு முதல் 1992 ரியோ மாநாடு வரை உலகம் பேசிவந்த வளங்குன்றா வளர்ச்சியே வழி என்றது. அதன் இரு தூண்களாக இரு கோட்பாடுகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது.

முதலாவது, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு. கேடு நேருமா நேராதா என்று அறிவியல் அறுதியிட்டுச் சொல்லும்வரை காத்திராமல், மீளாத தீங்கு வரக்கூடும் எனத் தெரிந்தபோதே தடுக்க வேண்டும் என்பது அது. இதன்படி மெய்ப்பிக்கும் பொறுப்பும் இடம் மாறுகிறது. என் கிணறு உன்னால் கெட்டது என்று ஏழை உழவன் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. என் தொழிலால் தீங்கில்லை என்று ஆலை உடையவன் மெய்ப்பிக்க வேண்டும். இரண்டாவது, மாசு செய்தவரே ஈடு செய்யும் கோட்பாடு. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தருவதோடு அது முடிவதில்லை. கெட்ட நிலத்தையும் நீரையும் மீட்கும் செலவும் அவரையே சாரும். இக்கோட்பாட்டை ராஜஸ்தானத்துப் பிச்சிரி என்னும் சிற்றூரின் வழக்கில் அதே ஆண்டு பிப்ரவரியில் மன்றம் உறுதி செய்திருந்தது. அங்கும் இரசாயன ஆலைக் கழிவால் கெட்டவை கிணறுகளே.

ஆணைகளும் திட்டவட்டமாக இருந்தன. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்த வேண்டும். நவம்பர் 30க்குள் சுத்திகரிப்பு வசதி செய்ய வேண்டும். டிசம்பர் 15க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறாத ஆலைகள் மூடப்பட வேண்டும். ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் மைய அரசு ஓர் ஆணையம் அமைக்க வேண்டும். இழப்பைக் கணித்து ஈட்டுத் தொகையைப் பெற்றுத் தருவது அதன் வேலை. தொடர்ந்து கண்காணிக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பசுமை அமர்வு என ஒரு தனி அமர்வு வேண்டும்.

இலக்கணம் மக்கள் பேச்சை வழக்கு என்னும். நீதிமன்றமும் தன் முன் வந்த பூசலை வழக்கு என்னும். வேலூர் அன்று இரு பொருளிலும் வழக்காயிற்று. அன்று முதல் இந்நாட்டின் எந்த மூலையில் ஓர் ஆற்றுக்காகவோ மலைக்காகவோ எவர் வாதாடினாலும் அவர் வாயில் நம் ஊர்ப்பெயர் வருகிறது. அயல்நாட்டுச் சட்டநூல்களும் அதை எடுத்தாளுகின்றன. சட்டம் பயிலும் மாணவர் பலருக்கு வேலூர் என்பது கோட்டையோ மருத்துவமனையோ அன்று, ஒரு தீர்ப்பு.

டிசம்பரில் மூன்று நாட்கள்

ஆண்டின் இறுதியில் நிகழ்ந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் 1996இன் முழு உருவம் தெரியும். டிசம்பர் 11 அன்று கடலோர இறால் பண்ணைகள் பற்றிய தீர்ப்பு வந்தது. நாகைப் பகுதியில் வயல்கள் உப்பளம் போல் ஆவதைக் கண்டு மனம் பொறாத சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கு அது. மறுநாள், டிசம்பர் 12 அன்று, நீலகிரியின் கூடலூர்க் காடுகள் தொடர்பாகக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் ஓர் ஆணை பிறந்தது. காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளே பொருள். அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்டிருந்தால்தான் காடு என்பதில்லை என்றது மன்றம். அகராதி ஒன்று காடுகளைக் காத்த அரிய நிகழ்ச்சி அது. அதற்கும் மறுநாள், டிசம்பர் 13 அன்று, இமாசலத்தின் பியாஸ் ஆற்றின் போக்கை மாற்றிய விடுதி ஒன்றின் வழக்கில், ஆறும் காற்றும் கடலும் பொதுமக்களின் உடைமை, அரசு அவற்றின் அறங்காவலரே என்று உரைக்கப்பட்டது. டிசம்பர் 30 அன்று தாஜ்மகாலைச் சூழ்ந்த 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும் அல்லது இடம் பெயர வேண்டும் என்ற தீர்ப்பு வந்தது. அவ்வாண்டின் கடைசி நாளோடு நீதிபதி குல்தீப் சிங் ஓய்வு பெற்றார்.

பாலாறு, நாகைக் கடற்கரை, கூடலூர்க் காடு என இவற்றுள் மூன்று தமிழ்நாட்டு மண்ணில் முளைத்தவை. சட்டமன்றத்தில் வேரோடு சாய்ந்த கட்சி ஐந்தாண்டில் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. பதின்மூன்று நாட்களில் விலகியவர் ஈராண்டில் திரும்பவும் பிரதமரானார். அரசியலில் நிகழ்ந்தவை அவ்விதம் மாறிக்கொண்டே சென்றன. காட்டுக்கும் ஆற்றுக்கும் அவ்வாண்டு உரைத்த பொருள் இன்றும் சட்டமாக நிற்கிறது.

சொல்லும் செயலும்

நின்றது சொல், நீர் என்னவாயிற்று என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

தீர்ப்பின்படி ஆணையம் 1996 செப்டம்பர் இறுதியில் அமைந்தது. வட்டாரமெங்கும் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கின. ஆணையம் ஊர் ஊராகக் கணக்கெடுத்து 2001 மார்ச்சில் முடிவை அறிவித்தது. 186 ஊர்களில் 29,193 பேர் பாதிக்கப்பட்டவர்கள். 547 ஆலைகள் செலுத்த வேண்டிய ஈட்டுத்தொகை 26.82 கோடி ரூபாய். கோடி என்றதும் பெரிதாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்கும் குறைவு. 1991 முதல் 1998 வரை இழந்த விளைச்சலுக்கு அதுவே விலை. அத்தொகைக்காகவும் ஆண்டுக்கணக்கில் அலுவலக வாயிலில் காத்திருந்தவர்கள் உண்டு. காத்திருந்தே கண்மூடியவர்களும் உண்டு.

சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பின்னும் நீர் தெளியாததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டே வருகிறது. அதைக் கழுவும்போது உப்பு அனைத்தும் நீரில் இறங்குகிறது. அழுக்கையும் குரோமியத்தையும் ஓரளவு பிரித்துவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பு பிரிக்காது. அதனைப் பிரிக்க எதிர்ச்சவ்வூடு பரவல் முறையும் நீரை ஆவியாக்கும் கலங்களும் வேண்டும். அவை வந்தது பல ஆண்டுகள் கழித்தே. வந்த பின், பிரித்தெடுத்த உப்பையும் சேற்றையும் எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். 2015 ஜனவரி இறுதியில், இராணிப்பேட்டைச் சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் புதைந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே இராணிப்பேட்டையில், 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு இலட்சக்கணக்கான டன் அளவில் குவிந்து கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியது தனிக்கதை.

மாவட்டம் 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று, ஆறு ஒன்றே. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று, உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றிப் பேசியது. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடுத்த வழக்கில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அளித்த தீர்ப்பு அது. விடுபட்ட இழப்பீட்டை அரசு முதலில் வழங்கிப் பின் ஆலைகளிடம் பெற்றுக்கொள்ள வேண்டும். கெட்ட சூழல் மீளும்வரை மாசு செய்தவரின் பொறுப்பு தீராது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பணியைக் கண்காணிக்க வேண்டும் என்றது. 1996இல் சொன்னதையே 2025இல் மறுபடி சொல்ல நேர்ந்தது என்பதில் நம் அரசுகளுக்கும் ஆலைகளுக்கும் நமக்கும் உரிய தீர்ப்பு அடங்கியிருக்கிறது.

நமக்கும் என்று சொல்வது வேண்டுமென்றே. தீர்ப்பின் பெயரில் இருப்பது ஓர் அமைச்சரின் பெயரோ நீதிபதியின் பெயரோ அன்று. குடிமக்கள் என்னும் சொல். அவர்கள் மனு எழுதினார்கள், கிணற்று நீரைப் புட்டியில் அடைத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள், தேதி தேதியாகக் காத்திருந்தார்கள். தீர்ப்பு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று ஊர் எண்ணியது. வேலை அங்கேதான் தொடங்கியது என்பதை உணரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஆலையை மூடு என்று சொல்வதும் தீர்வாகாது. ஆம்பூரின் காலணிக் கம்பெனிகளுக்கு விடியலில் பேருந்து ஏறும் பெண்களின் கூலியில் எத்தனையோ வீடுகள் அடுப்பு மூட்டுகின்றன. அக்கூலியும் வேண்டும், அவ்வீட்டுக் குடத்தில் குடிக்கத்தக்க நீரும் வேண்டும் என்பதே 1996இன் தீர்ப்பு உரைத்த நடுநிலை. அதில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பவரை நாம் எதிர்த்துக் கேட்க வேண்டும்.

எழுதுவோருக்கு இதில் ஒரு பங்கு உண்டு. திண்டுக்கல்லின் தோல் தொழிலாளர் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக்கினார். 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பாலாற்றங்கரைக்கு அத்தகைய பெருநாவல் ஒன்று இன்னும் வேண்டியிருக்கிறது. 29,193 என்று ஆணையம் எழுதியது ஓர் எண். அவ்வெண்ணுக்குள் இருப்பவர்கள் நம் அண்டை ஊரார். அவர்கள் தம் கிணற்றை எப்போது மூடினார்கள், எந்தப் பயிரைக் கடைசியாக அறுத்தார்கள், மகனை எந்த ஆண்டில் ஷூ கம்பெனிக்கு அனுப்பினார்கள் என்பவை எப்பதிவேட்டிலும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள், சில ஊர்களுக்கேனும் சென்று அவர்கள் வாய்மொழியை எழுதிவைப்பதும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.